மூன்றரை நிமிடம் தம் கட்டுகிறேன். என் உடம்பில் என்ன மாறியது?

கேள்வி: எனக்கு வயது 27. நீச்சல் நன்றாகத் தெரியும். கடலில் சிலிண்டர் இல்லாமல் முக்குளிக்கப் பழகவேண்டும் என்ற ஆசையில் நான்கு மாதமாகக் கட்டிலில் படுத்தபடி மூச்சடக்கிப் பார்க்கிறேன். முதல் நாள் 55 நொடி. இப்போது 3 நிமிடம் 30 நொடி. இரண்டு நிமிடம் தாண்டியதும் வயிறு தானாக வெட்டி வெட்டி இழுக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தால், அடக்கி முடிக்கும்வரை 97 என்றே நிற்கிறது. மூச்சு விட்ட பிறகுதான் 86-க்கு இறங்குகிறது. மெஷின் கோளாறா? என் நுரையீரல் பெரிதாகிவிட்டதா? மண்ணீரல் வளரும் என்கிறார்களே, உண்மையா? மூளை செல்கள் செத்துப்போகும் என்று அம்மா பயப்படுகிறார். முப்பது தடவை வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு அடக்கினால் நான்கு நிமிடம் வரும் என்று நண்பன் சொன்னான். செய்தேன், வந்தது. அடுத்து, காலையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நீச்சல் குளத்தில் பழகலாம் என்றிருக்கிறேன்.

பதில்: கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், தம்பி. ஆள் இல்லாத நேரத்தில் தண்ணீரில் இறங்காதீர்கள். அந்த முப்பது தடவை வித்தையை எங்கேயும் செய்யாதீர்கள். காரணம் சொல்லாமல் ‘வேண்டாம்’ என்றால் நீங்கள் கேட்கப்போவதில்லை. 27 வயதில் நானும் கேட்டிருக்க மாட்டேன். அதனால் உங்கள் உடம்பில் என்ன நடந்திருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். அதிலேயே காரணமும் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. நன்றாக நிரப்பிய நுரையீரலில் சுமார் 1 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். ரத்தத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. தசையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் பிடித்து வைத்திருப்பது கால் லிட்டர் போல. மொத்தம் 2 லிட்டர் என்று வையுங்கள். சும்மா படுத்திருக்கும் உடம்பு நிமிடத்துக்குக் கால் லிட்டர் செலவழிக்கும். காகிதக் கணக்கில் எட்டு நிமிடம் வருகிறது. கடைசிச் சொட்டுவரை வழித்து எடுக்க முடியாது, அதற்கு வெகுமுன்பே மூளை கைவிட்டுவிடும் என்பது வேறு விஷயம். ஆனால் முதல் நாள் 55-ஆவது நொடியில் நீங்கள் தாளமுடியாமல் வாயைத் திறந்தபோது, கையிருப்பில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருந்தது. இன்று மூன்றரை நிமிடத்தில் செலவாவது பத்தில் நான்கு பங்கு. முதல் நாள் உங்களை நிறுத்தியது ஆக்சிஜன் பஞ்சம் இல்லை.

நிறுத்தியது கரியமில வாயு. மூச்சை அடக்கியதும் அது ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலும் கழுத்துத் தமனி பிரியும் இடத்திலும் அதை மோப்பம் பிடிக்கும் உணரிகள் இருக்கின்றன. சாதாரணமாக அதன் அழுத்தம் பாதரச அளவில் 40 மில்லிமீட்டர். ஐம்பதை நெருங்கும்போது பழகாதவர்களுக்கு உயிரே போவதுபோல் முட்டிக்கொண்டு வரும். உயிர் போகவில்லை. அலாரம் அடிக்கிறது, அவ்வளவுதான்.

அந்த அலாரத்துக்குள் வாயுக் கணக்கு மட்டும்தான் இருக்கிறதா என்றால், இல்லை. 1954-இல் ஃபவுலர் என்ற உடலியங்கியலாளர் ஒரு குறும்பான சோதனை செய்தார். ஆட்களை இனி முடியாது என்ற கட்டம்வரை மூச்சடக்கச் சொன்னார். அந்த நொடியில் அவர்களுக்கு நல்ல காற்று கொடுக்கவில்லை. ஆக்சிஜன் குறைந்த, கரியமில வாயு மிகுந்த கெட்ட காற்றைச் சில மூச்சு இழுக்க விட்டார். ரத்தத்தில் எதுவும் தேறவில்லை. ஆனாலும் அவர்களுக்கு அப்பாடா என்றிருந்தது. உடனே இன்னொரு முறை மூச்சடக்கவும் முடிந்தது. மார்புக்கூடு ஒருதடவை அசைந்ததே போதுமானதாக இருந்திருக்கிறது. அசையாமல் கட்டிப்போட்ட மூச்சுத் தசைகளிலிருந்து போகும் தந்தியும் அந்தத் தவிப்பில் ஒரு பங்கு என்பது அதிலிருந்து தெரிந்தது.

உங்கள் வயிறு வெட்டி இழுப்பதும் இதே கதைதான். அது வயிறு இல்லை, நுரையீரலுக்கு அடியில் விரிந்திருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம். முகுளம் ‘மூச்சு இழு’ என்று கட்டளை அனுப்புகிறது. நீங்கள் தொண்டையை மூடி வைத்திருக்கிறீர்கள். உதரவிதானம் மூடிய கதவை இடிக்கிறது. முக்குளிப்பவர்கள் மூச்சடக்கத்தை இரண்டாகப் பிரிப்பார்கள்: இந்த இழுப்பு தொடங்கும்வரை சுகமான பாதி, தொடங்கிய பிறகு போராட்டப் பாதி. பயிற்சியில் முதலில் மாறுவது இங்கேதான். கரியமில வாயு ஏறும்போது முகுளம் முன்போல் பதறுவதில்லை. வருகிற இழுப்பையும் நீங்கள் ‘வரட்டும்’ என்று விட்டுவிடப் பழகிவிட்டீர்கள். பயப்படாத உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனும் குறைவு. நான்கு மாதத்தில் நீங்கள் கூட்டிய இரண்டரை நிமிடத்தில் பெரும்பங்கு இதில்தான் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. டேங்க் பெரிதாகவில்லை. அலாரத்தின் சத்தம் குறைந்திருக்கிறது.

அந்த அலாரத்தை எவ்வளவு தூரம் அடக்கலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. சாதாரணக் காற்றை இழுத்துவிட்டு அசையாமல் நீரில் மிதந்த பிரான்சின் ஸ்டெஃபான் மிஃப்சூட் 2009-இல் தொட்டது 11 நிமிடம் 35 நொடி. முன்கூட்டியே சுத்த ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு 2021-இல் குரோஷியாவின் புடிமிர் ஷோபாட் இருந்தது 24 நிமிடம் 37 நொடி. டேங்கை நிரப்பிக் கொடுத்துவிட்டால் பழகிய மனிதர் கரியமில வாயுவை இருபது நிமிடத்துக்கு மேலும் தாங்குகிறார். அதுவே பழகாதவரை ஒரு நிமிடத்தில் எழுப்பிவிடுகிறது.

அலாரம் போக, உண்மையான மாற்றங்களும் உண்டு. முதலாண்டு மாணவர்களுக்கு நான் ஒரு செய்முறை வகுப்பு எடுப்பேன். ஒரு பிளாஸ்டிக் பேசின், பனிக்கட்டி போட்ட தண்ணீர், ஒரு ஈ.சி.ஜி. மெஷின். தைரியமாக முன்வரும் மாணவருக்குக் கம்பிகளை ஒட்டி, முதலில் உட்கார்ந்தபடியே மூச்சடக்கச் சொல்வேன். நாடி பெரிதாக மாறாது. பிறகு முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கச் சொல்வேன். நெற்றியும் கண்ணைச் சுற்றிய தோலும் நனைந்ததும், ஓடும் தாளில் முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே கட்டங்கள் கூடத் தொடங்கும். நாலு பெரிய கட்டம்கூட இல்லாத இடைவெளி அரை நிமிடத்தில் ஐந்தரைக் கட்டமாகும். 82-இல் இருந்த நாடி 56. வகுப்பே கழுத்தை நீட்டிப் பார்க்கும். முகத்தோலின் நரம்பு மூளைக்குச் சொல்ல, மூளை வேகஸ் நரம்பு வழியாக இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. சீலுக்கும் திமிங்கிலத்துக்கும் இருக்கும் அதே அனிச்சைச் செயல் நமக்கும் இருக்கிறது. பல ஆண்டு பழகிய முக்குளிப்பாளர்களிடம் இது இன்னும் அழுத்தமாக வரும். நாடி 40-க்குக் கீழே போவதும் உண்டு.

கூடவே கை, கால், தோல், குடல் பக்கம் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். அங்கே போகவேண்டிய ரத்தம் இதயத்துக்கும் மூளைக்கும் ஒதுக்கப்படும். வரும்படி குறைந்த வீட்டில் எந்தச் செலவை முதலில் நிறுத்துவார்களோ அந்த ஒழுங்கு. பட்டினி போட்ட கால் தசைகள் ஆக்சிஜன் இல்லாமல் சமாளித்து லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கும். மேலே வந்து மூச்சு விட்டதும் அது ரத்தத்தில் கலக்கும்.

உங்கள் ஆக்ஸிமீட்டர் புதிருக்கு இங்கேதான் விடை. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் இடம் தவறு. நுரையீரலை விட்டுப் புறப்பட்ட ரத்தம் விரல் நுனிக்கு வந்து சேர எப்போதுமே நேரமாகும். மூச்சடக்கத்தில் நாடியும் மந்தம், கைக்குப் போகும் குழாய்களும் சுருக்கம். ஆகவே விரல் காட்டுவது பழைய செய்தி. நீங்கள் 97-ஐப் பார்த்துத் தெம்பாக இருந்தபோது மூளைக்குப் போன ரத்தத்தில் அளவு ஏற்கெனவே இறங்கியிருந்தது. அந்த 86 பல நொடி கழித்து விரலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. காதுமடலில் மாட்டும் வகை கொஞ்சம் சீக்கிரம் சொல்லும், ஆனால் அதற்கும் தாமதம் உண்டு. எண்ணைப் பார்த்து இன்னும் பத்து நொடி தாக்குப்பிடிக்கலாம் என்று முடிவெடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

மண்ணீரல் விஷயம் உண்மைதான், ஆனால் நீங்கள் கேள்விப்பட்ட அளவுக்கு இல்லை. மண்ணீரல் சிவப்பணுக்கள் செறிந்த ஒரு சேமிப்புப் பை. மூச்சடக்கும்போது அது சுருங்கித் தன்னிடம் உள்ளதை ரத்தத்தில் பிழிந்துவிடும். ஹீமோகுளோபின் நூற்றுக்குச் சில பங்கு கூடும். மூன்று நான்கு முறை தொடர்ந்து அடக்கினால் முதலாவதைவிட அடுத்தடுத்தவை நீள்வதை நீங்களே கவனித்திருப்பீர்கள். அதில் மண்ணீரலின் கையும் இருக்கிறது. கொஞ்ச நேரம் ஓய்ந்தால் பை திரும்ப நிரம்பிவிடும். சில வாரப் பயிற்சியிலேயே அது சற்றுப் பெரிதாவதைக் கண்ட ஆய்வும் உண்டு. பெரிய வித்தியாசம் காணவேண்டுமானால் தென்கிழக்கு ஆசியாவின் பஜாவ் மக்களிடம் போகவேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்கி மீன் பிடித்து வாழ்கிறவர்கள். 2018-இல் மெலிசா இலார்டோ குழுவினர் அவர்களை ஸ்கேன் செய்து பார்த்ததில், அக்கம்பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சலுவான் மக்களைவிட அவர்கள் மண்ணீரல் ஏறக்குறைய 50 சதவீதம் பெரிது. மூழ்கவே போகாத பஜாவ் ஆட்களுக்கும் அப்படியே இருந்தது. ஆகவே அது ஒருவர் தன் ஆயுளில் பழகிச் சம்பாதித்தது மட்டும் இல்லை, ரத்தத்தோடு வந்த சொத்து. நான்கு மாதக் கட்டில் பயிற்சியில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

நுரையீரல் பெரிதாகியிருக்குமா? திசு வளர்ந்திருக்காது. விலா இடைத் தசைகளும் உதரவிதானமும் இளகி, முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாக நிரப்ப முடியலாம். நிரம்பிய பிறகும் தவளைபோல வாயால் காற்றை விழுங்கி விழுங்கி உள்ளே திணிப்பது கைதேர்ந்தவர்கள் செய்யும் ஒன்று. லிட்டர் கணக்கில்கூட ஏறும். அது நுரையீரலின் காற்றறைகளைக் கிழித்துவிடவும் கூடும், மார்பின் அழுத்தம் ஏறி இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து உட்கார்ந்த இடத்திலேயே மயக்கமும் வரும். வீடியோ பார்த்துப் பழகுகிற காரியம் இல்லை.

இனி நண்பனின் வித்தை. முப்பது முறை வேகமாக இழுத்து விடும்போது ஆக்சிஜன் நிரம்புவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உங்கள் ரத்தம் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிரம்பித்தான் இருக்கிறது. மேலே ஊற்ற இடம் இல்லை. நீங்கள் செய்தது கரியமில வாயுவை வெளியே தள்ளியது மட்டும். 40-இல் தொடங்கவேண்டிய முள் 20-க்குப் பக்கத்தில் தொடங்குகிறது. அது அலாரம் அடிக்கும் கோட்டுக்கு ஏறி வருவதற்குள் ஆக்சிஜன் முள் அடிமட்டத்துக்குப் போய்விடலாம். ஆக்சிஜன் குறைவதற்கென்று இதே அளவு உரத்த அலாரம் நமக்கு இல்லை. மூச்சு முட்டாது, தவிப்பு வராது. சிலருக்கு இதமாகக்கூட இருக்கும். அடுத்த நொடி நினைவு தப்பிவிடும். கட்டிலில் தப்பினால் உடம்பு தானே மூச்சு இழுத்துக்கொள்ளும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தண்ணீரில் தப்பினால் அந்த முதல் மூச்சில் உள்ளே போவது தண்ணீர். ஆழம் தேவையில்லை, நின்றால் இடுப்பளவு வரும் குளம் போதும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இப்படி அதிகம் போகிறார்கள். நீந்தத் தெரியாதவர் தண்ணீருக்கடியில் போட்டி போடமாட்டார்.

உங்கள் நான்கு நிமிடத்தை நான் ஏன் கொண்டாடவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். முறையாகப் பழகிய மூன்றரை நிமிடத்திலேயே அலாரம் பாதி தணிந்துவிட்டது. அந்த வித்தை மீதியையும் கழற்றிவிடுகிறது. ஒன்றும் தெரியாத ஆள் 55 நொடியில் கதறிக்கொண்டு மேலே வந்துவிடுவார். உங்களுக்கு அந்தக் காவல் இப்போது இல்லை.

கடலில் இதன்மேல் இன்னொரு சிக்கல் ஏறுகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே உள்ளதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே உங்கள் நுரையீரலில் 5 சதவீத ஆக்சிஜன் மட்டுமே மிச்சமிருந்தாலும், அழுத்தம் அதை ரத்தத்துக்குள் தள்ளிக் கொடுக்கும். பாதரச அளவில் 73 வரும், நன்றாகவே இருப்பதாக உணர்வீர்கள். மேலே வர வர அழுத்தம் பாதியாகும். அதே காற்று நீர்மட்டத்தில் 36 மட்டுமே தரும். ஏறிவரும்போது தசைகள் தின்றதைக் கழித்தால் இன்னும் குறையும். கீழே தெளிவாக இருந்தவர் கடைசிச் சில மீட்டரில், சில சமயம் தலை வெளியே வந்து ஒரு மூச்சு விட்ட பிறகும், நினைவிழப்பது இதனால்தான். ஆழத்தில் நுரையீரல் நசுங்காமல் எப்படித் தாங்குகிறது என்பதும் சுவையான விஷயம். மார்புக்குள் ரத்தம் பாய்ந்து காற்று விட்ட இடத்தை நிரப்புகிறது. ஐம்பது மீட்டருக்குக் கீழே விலா எலும்பு நொறுங்கும் என்று ஒரு காலத்தில் கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கு பொய்த்தது. 1968-இல் அமெரிக்கக் கடற்படையின் ராபர்ட் கிராஃப்ட் 73 மீட்டர்வரை போய் வந்தார். உங்களுக்கு அது இப்போது தேவைப்படாது.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். மூச்சடக்கும்போது கரியமில வாயு மூளையின் ரத்தக்குழாய்களை விரிக்கும், ஓட்டம் கூடும். கெட்ட பெயர் எடுத்த அந்த வாயுதான் மூளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறது. நண்பனின் வித்தையில் நேர்மாறு: வாயு போய்விட்டதால் குழாய் சுருங்கும், முப்பதாவது மூச்சில் தலை கிறுகிறுத்து விரல் நுனி மரத்திருக்குமே, அது அதன் அடையாளம். உங்கள் அளவிலான உலர் பயிற்சியில், நினைவு தப்பாத வரை, மூளை செல்கள் சாகின்றன என்பதற்குச் சான்று கிடையாது. எல்லைவரை போகும் போட்டியாளர்களின் ரத்தத்தில் மூளைத் திசு சார்ந்த ஒரு புரதம் தற்காலிகமாகக் கூடியதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அதனால் உச்ச முயற்சியைத் தினமும் செய்வதை நான் ஆதரிப்பதில்லை. மூன்றரை நிமிடம் வருகிறதென்றால் அன்றாடம் இரண்டு, இரண்டே காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதயத் துடிப்பில் கோளாறு, வலிப்பு, நுரையீரல் நோய் எது இருந்தாலும் அதுவும் வேண்டாம். ஒருமுறை நினைவு தப்பினால் மருத்துவரைப் பார்க்கும்வரை முழு ஓய்வு.

தண்ணீரில் பழகியே தீரவேண்டும் என்றால் தகுதி பெற்ற பயிற்றுநரிடம் போங்கள். முதல் நாளே அவர் உங்களை ஜோடி சேர்த்துவிடுவார்: ஒருவர் உள்ளே, ஒருவர் மேலே. இரண்டு முக்குளிப்புக்கு நடுவே உள்ளே இருந்த நேரத்தைப்போல் இரண்டு மடங்காவது ஓய்வு. இது கற்றுக்குட்டிக்கான விதி என்று நினைக்கவேண்டாம். 2013-இல் 9 நிமிடம் 2 நொடி மூச்சடக்கிப் பெண்கள் சாதனை படைத்த நத்தாலியா மொல்ச்சனோவா, 2015-இல் ஸ்பெயின் கடலில் தன் கணக்குக்கு மிகச் சாதாரணமான ஒரு முக்குளிப்பில் இறங்கினார். அவர் மேலே வரவில்லை.

அந்த நண்பனையே துணைக்கு அழைத்துப் போகலாம், ஒரு நிபந்தனையோடு. அவர் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. தண்ணீரில், கை எட்டும் தூரத்தில், உங்கள் முகத்தைப் பார்த்தபடி இருக்கவேண்டும். நீங்கள் தலையை வெளியே நீட்டியதும் வேலை முடிந்தது என்று திரும்பிவிடவும் கூடாது. நுரையீரலில் ஏறிய புதுக் காற்று மூளைக்குப் போய்ச் சேரும்வரை, முப்பது நொடி எண்ணிக்கொண்டு, அதே இடத்தில் நிற்கச் சொல்லுங்கள்.